போனை யார் வைப்பது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் விட்டுப்போன சில விவரங்களை இதில் சேர்த்திருக்கிறேன்.)



போன மாதம் பி பிளாக் மாடித் தொட்டி வழிந்த கதை எல்லோருக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்து, விடியற்காலை வரை ஓடியது. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர்கள் படிக்கட்டில் தண்ணீரைப் பார்த்தார்கள். ஏழு மணிக்குள் வாட்ஸப் குழுவில் தீர்ப்பும் வந்துவிட்டது. செக்யூரிட்டி மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார், சம்பளத்தில் பிடியுங்கள் என்று. "நான் சுவிட்ச் பக்கமே போகலை சார்" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் அன்றைக்கு ஒரு கட்டைவிரல் போட்டேன். அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்புறம்தான் செயலாளர், "சார், நீங்கள் பேங்கில் மோடம், ரவுட்டர் எல்லாம் பார்த்தவர். அந்த மோட்டார் பெட்டியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்தேன். பார்த்ததைச் சொல்வதற்கு முன், 2001-ல் திருச்சியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் தப்பு செய்தவன் நான்தான்.

நான் பி.காம். படித்தவன், இன்ஜினியர் இல்லை. வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். நடுவில் ஆறு வருடம் மண்டல அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் போட்டார்கள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன் என்பதுதான் என்னுடைய ஒரே தகுதி. அங்கே வந்த ஒரு இளைஞர், சப்ளை செய்த கம்பெனியின் ஆள், இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். மீதியை மேனுவலைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அப்போது கிளைகள் இப்போது மாதிரி ஒரே வலையில் இல்லை. அந்தந்தக் கிளையில் அந்தந்தக் கம்ப்யூட்டர். சாயங்காலம் கணக்கு முடித்ததும், அன்றைய ஸ்டேட்மென்டை டெலிபோன் வழியாக எங்களுக்கு அனுப்புவார்கள். டெலிபோன் கம்பி குரலுக்காகப் போட்டது. சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான சத்தம்தான் அதில் போகும். கம்ப்யூட்டரின் ஒன்று, பூஜ்யத்தைச் சத்தமாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் சத்தத்தைத் திரும்ப ஒன்று, பூஜ்யமாக ஆக்குவதுதான் மோடத்தின் வேலை. டயல் செய்ததும் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எங்கள் பக்கம் பதினாறு டெலிபோன் லைன்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர், ஹன்டிங் போட்டது. பதினாறு லைனுக்கும் பதினாறு மோடம், மர அலமாரியில் இரண்டு வரிசையாக. அத்தனையும் போய்ச் சேருவது சிஸ்கோ 2511 என்ற ஒரே பெட்டியில். அதற்கு ஆக்ஸஸ் சர்வர் என்று பெயர். பதினாறு கவுன்டர் உள்ள ஒரு பேங்க் ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கவுன்டரும் ஒரு 'லைன்'. ஒவ்வொரு லைனும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் தனக்குத் தெரிந்த மாதிரி நடந்துகொள்ளும்.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஆக்ஸஸ் சர்வருக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. மோடம் சொல்வதுதான் அதற்கு உலகம். மோடமும் அதுவும் பேசிக்கொள்வது நடுவில் உள்ள கேபிளில். 25 பின் கனெக்டரில் 2, 3 ஆகிய பின்கள் தகவல் போக, வர. மற்றதெல்லாம் சைகைகள். பின் 20-க்கு டி.டி.ஆர். என்று பெயர். "நான் தயாராக இருக்கிறேன்" என்று சர்வர் மோடத்துக்குச் சொல்லும் சைகை. பின் 8 டி.சி.டி., அதாவது கேரியர். "மறுமுனையில் ஆள் இருக்கிறார்" என்று மோடம் சர்வருக்குச் சொல்லும் சைகை. 4, 5 ஆகியவை "அனுப்பலாமா", "அனுப்பு" என்ற சைகைகள்.

அழைத்தவர் போனை வைத்துவிட்டால் கேரியர் சைகை இறங்கும். சர்வர் உடனே அவருடைய வேலையை மூடி, லைனைக் காலி செய்ய வேண்டும். சர்வர் பக்கம் வேலை முடிந்துவிட்டால் டி.டி.ஆர். சைகை இறங்கும். மோடம் உடனே போனை வைக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் "முடிந்தது" என்று சொல்ல வழி இருக்கிறது. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் என்று வைக்கிறோமே, அந்த மாதிரி ஏற்பாடு.

இந்தச் சைகைகளை மதிக்கச் சொல்லி மோடத்துக்குச் சொல்ல வேண்டும். 1981-ல் அமெரிக்காவின் ஹேஸ் கம்பெனி ஒரு மோடம் கொண்டுவந்தது. டெலிபோன் தகவல் போகும் அதே கம்பியில் மோடத்துக்கான கட்டளையையும் டைப் செய்யலாம். கட்டளை 'ஏ.டி.' என்று ஆரம்பிக்க வேண்டும். அட்டென்ஷன் என்பதன் சுருக்கம். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் மாதிரி முதலில் அட்டென்ஷன், அப்புறம் உத்தரவு. பிற்பாடு வந்த கம்பெனிகள் பெரும்பாலும் அதே கட்டளைகளைப் பின்பற்றின.

நாங்கள் ஒவ்வொரு மோடத்திலும் போட்டது இவைதான். எஸ்0=1 என்றால் ஒரு மணி அடித்ததும் எடு. எஸ்0=0 என்றால் மணி அடித்தாலும் எடுக்காதே. &சி1 என்றால் கேரியர் சைகையை உண்மையாகக் காட்டு; ஆள் இருந்தால் ஏற்று, போனால் இறக்கு. &டி2 என்றால் டி.டி.ஆர். இறங்கினால் போனை வை. அதற்குப் பதில் &டி0 என்று இருந்தால், டி.டி.ஆர். சைகையைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். இந்த &டி0-வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். கடைசியில் &டபிள்யூ, அதாவது சொன்னதையெல்லாம் எழுதி வைத்துக்கொள். இதை மறந்தால் ஒருமுறை கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இன்னும் இரண்டு உண்டு. ஈ0, கியூ1. அதாவது, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதே, பதிலும் பேசாதே. இதை முதலில் ஒரு மோடத்தில் போட மறந்தேன். கேரியரைப் பார்க்கும்படியும் அந்த லைனில் இன்னும் எழுதவில்லை. சர்வர் 'யூசர்நேம்' என்று கேட்டது. மோடம் அதையே திருப்பிச் சொன்னது. சர்வர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு 'பாஸ்வேர்ட்' என்று கேட்டது. மோடம் அதையும் திருப்பிச் சொன்னது. தப்பு, மறுபடி சொல் என்றது சர்வர். யாருமே அழைக்காத லைனில் இரண்டு இயந்திரங்கள் மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நம் வாட்ஸப் குழு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

சர்வர் பக்கம் எழுத வேண்டியவை. முதலில் வேகம். போன் லைனில் அதிகபட்சம் 33,600 பிட் போகும். மழை பெய்தால் கிராமத்து லைன் 9,600-க்கு இறங்கிவிடும். ஆனால் சர்வருக்கும் மோடத்துக்கும் நடுவே 1,15,200 என்று நிரந்தரமாகப் பூட்டிவிடுவோம். மோடம் தகவலைச் சுருக்கி அனுப்புவதால் உள்ளே வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளே வேகம், வெளியே மெதுவு என்றால் நடுவில் நெரிசல் வரும். அதற்குத்தான் 'ஃப்ளோகன்ட்ரோல் ஹார்ட்வேர்'. நம் டோக்கன் முறைதான். மோடத்தின் கை நிறைந்துவிட்டால் "அனுப்பு" சைகையை இறக்கும், சர்வர் நிறுத்தும். இது இல்லாவிட்டால் எழுத்துகள் நடுவில் உதிரும். கதையில் ஓர் எழுத்து உதிர்ந்தால் பரவாயில்லை. ஸ்டேட்மென்டில் ஒரு பூஜ்யம் உதிர்ந்தால்?

அடுத்தது 'மோடம் இன்அவுட்'. இந்த லைனில் இருப்பது மோடம், அழைப்பு உள்ளேயும் வரலாம், வெளியேயும் போகலாம், கேரியர் சைகையைக் கவனி என்று சர்வருக்குச் சொல்வது. வெளியே அழைக்கத் தேவையில்லை, வருவது மட்டும் போதும் என்றால் 'மோடம் டயல்இன்'. அப்புறம் 'லாகின் லோக்கல்', அதாவது பெயரும் பாஸ்வேர்டும் கேள்.

கடைசியாக 'எக்ஸெக்-டைம்அவுட்'. உள்ளே வந்தவர் எதுவும் டைப் செய்யாமல் சும்மா இருந்தால் எத்தனை நிமிடத்தில் வெளியே அனுப்புவது? நாம் எதுவும் எழுதாவிட்டால் பத்து நிமிடம். நிமிடம், விநாடி என்று இரண்டு எண் எழுத வேண்டும். இரண்டும் பூஜ்யம் என்று எழுதினால் எப்போதுமே அனுப்பாதே என்று அர்த்தம்.

நான் பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? கிளைகளிலிருந்து புகார். லைன் கிடைப்பதே பெரும் பாடு, உள்ளே வந்துவிட்டு ஆபீசர் டேலி பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குள் கட் ஆகிவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து டயல் செய்ய வேண்டியிருக்கிறது என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. பூஜ்யம் போட்டேன். புகார் நின்றது. இரண்டு பேர் போன் செய்து நன்றி கூடச் சொன்னார்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு கிளையில் டெலிபோன் பில் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில். வழக்கமாக மூவாயிரம், நாலாயிரம் ரூபாய். அந்த முறை 27,000 ரூபாய்க்கு மேல். எல்லாம் எஸ்.டி.டி.

பில்லில் மொத்தத் தொகைதான் இருந்தது. எந்த நம்பருக்கு, எவ்வளவு நேரம் என்ற பட்டியல் வேண்டுமென்றால் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கிளை மேனேஜர் எழுதிக் கேட்டார். ஆனால் பட்டியல் வருவதற்கு முன்பே முடிவும் எடுத்துவிட்டார். கிளையில் ராத்திரி தங்குவது ஒரே ஒருவர். தினக்கூலி வாட்ச்மேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து காலை எட்டு மணிக்குப் போவார். அவருடைய மகன் திருப்பூரில் வேலை பார்த்தான். போதாதா? ராத்திரி முழுக்கப் பையனோடு பேசியிருக்கிறார் என்று சொல்லி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. தினக்கூலிக்கு எழுத்து எதற்கு?

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. நீண்ட அழைப்புகள் ஒன்பது. ஒன்பதும் திருச்சிக்கு, எங்கள் நம்பருக்கு. மேனேஜர் எங்களுக்குப் போன் செய்து, "என்ன சார், வாட்ச்மேன் உங்கள் ஆபீசுக்கா பேசினான்?" என்றார். பட்டியலை ஃபேக்ஸ் செய்யச் சொன்னேன்.

கிளார்க் புத்தி, உடனே பென்சிலும் பேப்பரும் எடுத்தேன். பட்டியலில் ஆரம்பித்த நேரமும், பேசிய நேரமும்தான் இருக்கும், முடிந்த நேரம் இருக்காது. கூட்டிப் பார்த்தேன். சாயங்காலம் 6.42-க்கு ஆரம்பம், 14 மணி 58 நிமிடம். முடிந்தது மறுநாள் காலை 9.40. அடுத்தது 6.55, 14 மணி 41 நிமிடம். முடிந்தது 9.36. ஒரு சனிக்கிழமை பிற்பகல் 3.20-க்கு ஆரம்பித்தது 42 மணி 18 நிமிடம் ஓடி, திங்கட்கிழமை காலை 9.38-க்கு முடிந்திருந்தது. ஒன்பதும் அப்படியே. வாட்ச்மேன் வீட்டுக்குப் போவது எட்டு மணிக்கு. அவர் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு நாளும் யார் போனை வைத்தது?

காலை 9.40-க்கு ஆபீசுக்குள் நுழைகிறவன் நான். வந்ததும் மோடம் அலமாரியைப் பார்ப்பேன். சில நாள் ஒரு மோடத்தில் சி.டி. விளக்கு, அதாவது கேரியர் விளக்கு, எரிந்துகொண்டிருக்கும். "ஹேங் ஆகிவிட்டது" என்று சொல்லி, சுவிட்சை அணைத்துப் போடுவேன். எங்கேயும் குறித்து வைக்கவில்லை. உண்மையில் அது ஹேங் ஆகவில்லை. ராத்திரி முழுக்க அந்தக் கிளையின் மோடத்தோடு கைகோத்துக்கொண்டு ஒழுங்காக நின்றிருந்தது. அந்த ஒன்பது அழைப்பையும் முடித்து வைத்தது என் விரல்தான்.

மறுநாள் பஸ் பிடித்து அந்தக் கிளைக்குப் போனேன். அவர்களுடைய பழைய மோடம் இடி மின்னலில் கருகி, வேறு கம்பெனியின் மோடம் வைத்திருந்தார்கள். எங்கள் நம்பருக்கு டயல் செய்து உள்ளே போனேன். வெளியே வராமல், அப்படியே கம்ப்யூட்டரை மட்டும் அணைத்தேன். மோடத்தில் டி.ஆர். விளக்கு அணைந்தது. சி.டி. விளக்கு அணையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நின்று பார்த்தேன். அணையவே இல்லை. மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டு மோடத்தின் பதிவைக் கேட்டுப் பார்த்தால் &டி0. கம்ப்யூட்டர் செத்தாலும் பிழைத்தாலும் நீ போனை வைக்காதே என்று அதில் எழுதியிருந்தது.

மற்றக் கிளைகளில் &டி2 இருந்ததால், வெளியே வராமல் கம்ப்யூட்டரை அணைத்தாலும் மோடம் போனை வைத்துவிட்டது. இந்தக் கிளையில் அந்தச் சாவி இல்லை. சரி, இந்தப் பக்கம் வைக்காவிட்டால் எங்கள் பக்கமாவது வைத்திருக்க வேண்டும். சும்மா இருக்கும் ஆளைப் பத்து நிமிடத்தில் அனுப்பியிருந்தால், சர்வர் டி.டி.ஆர். சைகையை இறக்கியிருக்கும், எங்கள் மோடம் போனை வைத்திருக்கும், ஒரு ரூபாய் கூட வீணாகியிருக்காது. அந்தச் சாவியைத்தான் நான் பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதித் தூக்கி எறிந்திருந்தேன். அவசரமாகக் கிளம்புகிற நாளில் அங்கிருந்த கிளார்க் 'எக்ஸிட்' டைப் செய்ய மறப்பார். அவ்வளவுதான், மறுநாள் நான் வரும்வரை மீட்டர் ஓடும்.

மோடத்தில் &டி2 போட்டு, &டபிள்யூ கொடுத்து எழுதி வைத்தேன். திருச்சிக்குத் திரும்பி, பூஜ்யத்தை எடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் போட்டேன். அதோடு 'அப்சொல்யூட்-டைம்அவுட்' 60 என்றும் சேர்த்தேன். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் லைன் கிடையாது. மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். பூஜ்யம் போட்டது நான், விளக்கைப் பார்த்தும் குறிக்காமல் விட்டது நான், வாட்ச்மேனுக்கு இதில் சம்பந்தமில்லை என்று. எனக்கு ஒரு மெமோ வந்தது. நியாயமான மெமோ.

வாட்ச்மேனை மறுபடி கூப்பிட்டார்கள். அதற்குள் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தார். வராத நாட்களுக்குக் கூலி கொடுக்க விதியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொன்னேன். "அப்போ அந்த மெசின்தான் ராத்திரி பூரா பேசிக்கிட்டு இருந்துச்சா சார்?" என்று கேட்டார். "பேசலைங்க, சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றேன். "நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். ஒரு சின்ன லைட்டு எரியும். அது எரியணும்போலன்னு நெனச்சேன்" என்றார். நான் காலையில் பார்த்த அதே விளக்குதான். படித்த நானும் அதைக் கேட்கவில்லை. அவரை என்ன சொல்வது?

இதற்கு நேரெதிரான தப்பையும் பிறகு ஒரு இடத்தில் பார்த்தேன். ரவுட்டரைத் தூரத்திலிருந்து சரிபார்ப்பதற்காக ஒரு மோடத்தை அதன் கன்சோல் வாயில் செருகியிருந்தார்கள். மோடத்துக்கென்று ஆக்ஸ் என்று வேறு வாய் உண்டு. கன்சோல் கேரியர் சைகையைப் பார்க்காது. சரிபார்த்தவர் போனை வைத்தாலும் ரவுட்டருக்குத் தெரியாது. அவர் திறந்து வைத்த கதவு திறந்தபடியே இருக்கும். அடுத்து அந்த நம்பருக்கு யார் அழைத்தாலும், பாஸ்வேர்ட் கேட்காமல் முந்தினவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடும். திருச்சியில் போனது பணம். இங்கே போயிருக்கக்கூடியது சாவிக்கொத்து.

இப்போது நம் பி பிளாக் மோட்டாருக்கு வருகிறேன்.

பம்ப் ரூமில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அதைப் பிடித்திருப்பது ஒரு மோடம், செல்போன் மோடம். ஆச்சரியம் என்னவென்றால், இந்தவகை மோடங்களுக்கும் அதே 'ஏ.டி.' கட்டளைகள்தான். மணி அடித்தால் உள்ளே இருக்கும் சிறு சர்க்யூட்டுக்கு 'ரிங்' என்று சொல்லும். கேட்கும்படி சொல்லி வைத்தால் அழைத்தவருடைய நம்பரையும் சொல்லும். அந்த நம்பரை வைத்து என்ன செய்வது என்பது நாம் எழுதி வைப்பதைப் பொறுத்தது.

நம் பெட்டியில் மூன்று இடத்தில் எழுத வேண்டும். அனுமதிக்கப்பட்ட நம்பர்கள், மோட்டார் அதிகபட்சம் ஓடும் நேரம், தகவல் அனுப்ப வேண்டிய நம்பர். முதல் இடம் காலியாக இருந்தது. காலி என்றால் யார் அழைத்தாலும் சரி என்று இந்தப் பெட்டி எடுத்துக்கொள்கிறது. என் மனைவியின் போனிலிருந்து அழைத்தேன். அந்த நம்பர் எங்கேயும் பதிவு செய்யாதது. மோட்டார் ஓடியது. செயலாளரும் பொருளாளரும் கூட நின்று பார்த்தார்கள். இரண்டாவது இடத்தில் நேரம் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்குத் திருச்சி அலமாரி ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் இருந்த நம்பர், வீட்டை விற்றுவிட்டுப் போன பழைய செயலாளருடையது. மோட்டார் ஓடுகிறது என்ற குறுஞ்செய்தி அவருக்குப் போயிருக்கும்.

அன்று ராத்திரி அழைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. ராங் நம்பராக இருக்கலாம். ஆனால் ஊரில் யார் அழைத்தாலும் ஓடும்படி வைத்திருந்தது நாம்தான். அந்தப் பெட்டி வந்து இரண்டு வருடமாகிறது. செக்யூரிட்டிக்கு அதன் நம்பர் கூடத் தெரியாது, அவரிடம் நாம் சொன்னதே இல்லை.

அன்றைக்கே செய்தவை: ஐந்து நம்பர்களை மட்டும் பதிவு செய்தோம். ஓடும் நேரம் 40 நிமிடம். பி பிளாக் தொட்டி நிறைய அது போதும். குறுஞ்செய்தி இப்போதைய செயலாளருக்கும் செக்யூரிட்டி போனுக்கும் போகும். மெயினை அணைத்துப் போட்டு, எழுதியது அழியாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். இருக்கிறது.

சிசிடிவி ரெக்கார்டர், லிஃப்டில் உள்ள அவசரப் போன், உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டி, எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். குறித்துக்கொள்ளுங்கள்.

1. யார் அழைத்தால் இது எடுக்கும்? காலியாக விட்டிருக்கிறோமா? வாங்கும்போது வந்த பாஸ்வேர்டே இன்னும் இருக்கிறதா?

2. வேலை முடிந்தால் யார் மூடுவது? ஒருவர் மறந்தால் மறுபக்கம் மூடுமா? சிசிடிவி சர்வீஸ் ஆளுக்கு வெளியிலிருந்து பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறோம். அவர் வேலை முடிந்த பின் அதை எடுத்தோமா?

3. நேரம் எவ்வளவு? எங்கே பூஜ்யம் இருந்தாலும், அதற்கு "தேவையில்லை" என்று அர்த்தமா, "எல்லையே இல்லை" என்று அர்த்தமா என்று கேளுங்கள்.

4. கரண்ட் போய் வந்த பிறகும் எழுதியது அப்படியே இருக்கிறதா?

5. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று எழுதி வைக்க ஒரு நோட்டு இருக்கிறதா? செயலாளர் அறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பி பிளாக் மோட்டார் முதல் பக்கத்தில் இருக்கிறது. மற்ற பிளாக்குகளின் பெட்டிகளையும் பார்க்க வேண்டும். கூட வர இரண்டு பேர் வேண்டும். இன்ஜினியராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செக்யூரிட்டியின் சம்பளத்தில் பிடிப்பது என்று குழுவில் பேசியதை இந்தக் கூட்டத்திலேயே கைவிட வேண்டும், அதை மினிட்ஸிலும் எழுத வேண்டும். வாயால் சொன்ன குற்றச்சாட்டுக்கு எழுத்தில் முடிவு இருந்தால்தான் அவருக்குப் பயன். திருச்சியில் அந்த வாட்ச்மேனுக்கு மூன்று வாரக் கூலியை நம்மால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இங்கே இன்னும் எதுவும் பிடிக்கவில்லை. அது நம் நல்ல காலம்.

(கூட்டத்தில் இந்த வேண்டுகோள் ஏற்றுக்கொள்ளப்பட்டு மினிட்ஸில் பதிவாகியிருக்கிறது. சி பிளாக்கிலிருந்து இரண்டு பேர் கூட வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.)